கால்மாட்டில் நான்கு செங்கல்

சேகர்,

உன் நைனா எழுதுகிறேன். கொரட்டூரிலிருந்து ஆவடிக்கு ரயிலேறினால் அரை மணி நேரம்கூட ஆகாது, இதற்குப் போய்க் கடிதமா என்று நீ சிரிப்பாய். நேரில் சொல்லத்தான் போன ஞாயிற்றுக்கிழமை வந்தேன். வந்து, அமுதா போட்டுக் கொடுத்த காபியைக் குடித்தேன், பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உலாத்தினேன், உன் வீட்டு மொட்டைமாடித் தளம் சரியில்லை, மழைத் தண்ணீர் தேங்கும் என்று வீட்டுக்காரரிடம் வம்பு வளர்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. வாய் வரவில்லையடா. முப்பது வருஷமாகக் கொத்தனார் கரணை பிடித்த கை இது, பேனா பிடித்தால் எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். இருந்தாலும் வாயைவிடக் கைக்குக் கொஞ்சம் வெட்கம் கம்மி. முழுவதும் படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

அன்றைக்கு நான் கீழே நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தபோது அமுதா அடிபம்பில் தண்ணீர் அடித்துக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறினாள். ஆறாவது படியில் நின்றாள். மூச்சு வாங்க நிற்கவில்லை. குடத்தைப் படியில் இறக்கிவிட்டு, இரண்டு தொடையையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு, சுவரில் கை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு புடவையைச் சரிசெய்வதுபோல ஏதோ செய்துவிட்டு மறுபடி குடத்தைத் தூக்கினாள். சேகர், அந்த நிற்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். உன் அம்மா அப்படி நின்றிருக்கிறாள். பீடி அணைந்ததுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் புதன்கிழமை தனியாக உன் வீட்டுக்கு வந்து அமுதாவைக் கேட்டாள். முதலில் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றவள் அப்புறம் மடியில் விழுந்து அழுதிருக்கிறாள். பாபு பிறந்த நாளிலிருந்தே இருக்கிறதாம். இப்போது மறுபடி மூன்றாம் மாதம் ஆனதும் அதிகமாகிவிட்டதாம். உன்னிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று உன் அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டிருக்கிறாள். சத்தியம் செய்தது உன் அம்மாதான். நான் செய்யவில்லை.

மூடி மறைக்காமல் எழுதுகிறேன். அமுதாவுக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கியிருக்கிறது. அடி இறங்கிப்போச்சு என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். நிற்கும்போதும் நடக்கும்போதும் சுமக்கும்போதும் அது வெளியே வருகிறது, படுத்தால் உள்ளே போகிறது. அதற்குள்தான் உன் பிள்ளை மூன்று மாதமாக இருக்கிறது. இதை எழுதும்போதே எனக்கு வேர்க்கிறது. மாமனார் எழுதுகிற விஷயமா இது என்று உனக்குக் கோபம் வரலாம். வரட்டும். இந்த வெட்கத்தைக் கட்டிக்கொண்டு ஒரு தரம் நான் பட்ட பாடு போதும். அதைத்தான் இப்போது உனக்குச் சொல்லப்போகிறேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நீ பிறந்தபோது உன் அம்மா என்னோடுதான் சித்தாள் வேலை செய்துகொண்டிருந்தாள். அம்பத்தூர்ப் பக்கம் வயலையெல்லாம் மட்டம் தட்டி, ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைக் கொட்டகை எழும்ப ஆரம்பித்திருந்த காலம். நம் ஜனங்கள் பாதிப்பேர் ஏர்க்காலை விட்டுவிட்டுக் கலவைச் சட்டிக்கு வந்துவிட்டார்கள். நீ பிறந்து ஒரு மாதம் முடியவில்லை, உன்னைப் புளியமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு அவள் சாரம் ஏற ஆரம்பித்துவிட்டாள். வேறு யாரோ அவளை விரட்டி வேலை வாங்கவில்லை. கலவைச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கி அவள் தலையில் வைத்தவன் நான்தான். “வெயிட்டா கீதுய்யா, கொஞ்சம் கம்மியா போடு” என்று ஒரு நாள் சொன்னாள். எல்லாரும் பார்க்க என் பெண்டாட்டிக்கு மட்டும் எப்படிக் குறைத்துப் போடுவது என்று நான் இன்னும் ஒரு கரணை அள்ளிப் போட்டேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

அப்புறம் கொல்லைப்புறத்தில் வேலியோரம் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துக் கோமணம் மாதிரி தைத்தது ஒன்று காயும். புடவைக்கு அடியில் மறைத்துத்தான் காயப்போடுவாள். இறங்குவதைத் தாங்குவதற்கு அதை இறுக்கிக் கட்டிக்கொள்வாளாம். ஆறு வருஷம் அது காய்ந்தது. ஆறு வருஷமும் நான் பார்த்தேன். இதென்ன என்று ஒரு நாளும் கேட்கவில்லை. பெண்கள் விஷயத்தில் மூக்கை நுழைக்காதவன் என்று எனக்கு நானே பெருமை வேறு.

நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது உன் அம்மா மறுபடி உண்டானாள். ஆமாம், உனக்குப் பின்னால் ஒன்று இருந்தது. மூன்றாம் மாதம் ஒரு காலையில் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. அம்பத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். அழைத்துப்போனேன் என்றால் வாசல் வரைக்கும். ஆயா கதவைத் திறந்து பெயரைக் கூப்பிட்டாள், உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தவள், “கட்டிலுக்கு கால்மாட்டுப் பக்கம் ரெண்டு ரெண்டு செங்கல் வெக்கணுமாம். ஒண்ணுக்குப் போவ தவிர எந்திரிக்கக் கூடாதாம். எட்டு நாள் கயிச்சி வரச் சொன்னாங்க, வளையம் வெச்சி அனுப்புவாங்களாம்” என்றாள். “இன்னாத்துக்கு?” என்றேன். “பொம்பள சமாச்சாரம், உனக்கு இன்னாத்துக்கு?” என்றாள். அவள் அத்தோடு விட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நீ நம்ப வேண்டும்.

வேலை செய்கிற இடத்திலிருந்து நல்ல செங்கலாக நான்கு பொறுக்கி வந்து கால்மாட்டில் இந்தக் காலுக்கு இரண்டு, அந்தக் காலுக்கு இரண்டு என்று வைத்தேன். ஏரிக்கரைப் பக்கம் நாம் இருந்த ஒற்றை அறை உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. அடுப்பு ஒரு மூலை, பானை ஒரு மூலை, கதவு ஒரு பக்கம். கட்டில் ஒரே ஒரு சுவரோரம்தான் கொள்ளும். கால்மாட்டுக்கு நேர் எதிரே சுவரில் முருகன் படம். மூன்று நாள் அவள் அப்படியே படுத்திருந்தாள். முகம் தெளிந்தது. நானே கஞ்சி வைத்தேன், குழம்பு மாதிரி ஒன்று வைத்தேன், நீ அழுதாய். அதனால் பூந்தமல்லியிலிருந்து உன் அத்தையை வரவழைத்தேன். அவள் உன்னைத் தன் பெண்ணோடு பூந்தமல்லிக்கு அனுப்பிவிட்டு, சமையலை ஏற்றுக்கொண்டாள்.

வந்தவள் உள்ளே நுழைந்ததும் வாயில் அடித்துக்கொண்டாள். “இன்னாடா இது அநியாயம்! புள்ளத்தாச்சி, சாமி மூஞ்சிக்கு நேரா ரெண்டு காலையும் தூக்கி வச்சிகினு படுத்துகினு கீறா! இந்தப் புள்ள நல்லபடியா பொறக்கணும்னு நெனப்பு கீதா இல்லியா உனக்கு?” அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போனவை, அந்தப் பயம் அவளுக்கு. அது எனக்கும் தொற்றிக்கொண்டது. முருகன் முகத்தைப் பார்க்க எனக்கே கூசியது. உன் அம்மாவிடம், “தலவாணிய அந்தாண்ட போட்டு மாறிப் படுமே” என்றேன். “கால் பக்கந்தான்யா ஒசரமா கீணும்னாங்க” என்றாள், மெதுவாக, உன் அத்தை காதில் விழாதபடி. “சாயங்காலம் வந்து செங்கல்ல அந்தப் பக்கம் மாத்தி வெக்கிறேன். இப்ப சொன்னத கேளு” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அவள் எழுந்து தலையணையை மாற்றிப்போட்டுப் படுத்துக்கொண்டாள். இப்போது செங்கல் இருந்த பக்கம் அவள் தலை உயரத்தில், கால் பள்ளத்தில்.

அன்றைக்குக் கொட்டகைக்குக் காங்கிரீட் போடுகிற நாள். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. வீட்டுக்கு வந்து விழுந்தவன் செங்கலை மறந்தேன். மறுநாளும் காங்கிரீட். காலையில் கிளம்பும்போது “யோவ், அந்த செங்கல்லு” என்றாள். “செங்கல் எங்க ஓடிப்பூடும்? வந்து பாத்துக்கலாம்” என்று எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அத்தை எதிரில் எதற்கு, என்ன என்று விளக்க அவளுக்கு வாய் வரவில்லை. எனக்குக் கேட்க வாய் வரவில்லை. மூன்று நாள் அப்படிப் போயிற்று.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் உன் அத்தை செருப்பில்லாத காலோடு கொட்டகைக்கு ஓடிவந்தாள். “டேய், அவளுக்கு விடிஞ்சதுலேர்ந்து ஒண்ணுக்கு வரலடா. வயிறு கல்லாட்டம் கீது. வந்து பாருடா” என்றாள். ஓடினேன். உன் அம்மா கத்தி நான் கேட்டதில்லை, பிரசவத்தில்கூட. அன்றைக்குத் தெருமுனை வரை கேட்டது. தொட்டால் துடித்தாள். இறங்கிய கர்ப்பப்பை வீங்கி நீர்த்தாரையை அடைத்துவிட்டது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சாகப்போகிறாள் என்பதுதான். ஜல்லி இறக்கிவிட்டு நின்றிருந்த காதர் பாயின் லாரியில் முன்சீட்டில் தூக்கிப் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டேன். “பயப்படாத கொத்தனாரே, அல்லா கீறான், நான் பறந்துடறேன்” என்று பாய் சொல்லிக்கொண்டே ஓட்டினார். ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் அவள் என் கையைக் கடித்தாள். இடது கையில் இருக்கிற தழும்பு சாரத்திலிருந்து விழுந்தபோது பட்டது என்று உனக்குச் சொல்லிவைத்திருந்தேன் அல்லவா? பொய்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரப்பர் குழாய் வைத்து நீரை எடுத்தார்கள். மருந்தில் நனைத்த துணி வைத்து வீக்கத்தை வற்றவைத்து உள்ளே தள்ளினார்கள். சாயங்காலம் என்னை வார்டுக்குள் விட்டார்கள். உன் அம்மாவின் இரும்புக் கட்டிலைப் பார்த்தேன். கால்மாட்டில் இரண்டு மரக்கட்டை முட்டுக்கொடுத்திருந்தது. தலை பள்ளத்தில், கால் உயரத்தில். வயதான ஒரு டாக்டரம்மா, “கீழே இறங்குவதை மேலே போகவைக்க வேறு என்ன வழி? நாலாம் மாதம் தாண்டினால் கர்ப்பப்பை பெரிதாகித் தானே மேலேறிக்கொள்ளும். அதுவரைக்கும் இறங்காமல் பார்த்துக்கொள்ளத்தானே படுக்கச் சொல்வது? வீட்டில் எப்படிப் படுத்திருந்தாள்?” என்று கேட்டாள். மொட்டைமாடித் தளத்துக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ரசமட்டம் வைத்து வாட்டம் பார்க்கிறவன் நான். அரை அங்குலம் பிசகினால் உடைத்துவிட்டு மறுபடி போடுவேன். என் பெண்டாட்டியை மூன்று நாள் தலைகீழ் வாட்டத்தில் படுக்கவைத்திருந்தேன். எதற்காக அந்தச் செங்கல் என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். கொத்தனாருக்குப் புரியாத விஷயமா அது?

ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள் ஜுரம் கண்டது. ஏழாம் நாள் வயிற்றிலிருந்தது போய்விட்டது. நான் மாற்றிப் படுக்கவைத்ததால்தானா என்று அந்த டாக்டரம்மாவைக் கேட்டேன். “இந்த நிலைமையில் எல்லாம் சரியாகச் செய்தாலும் சில சமயம் தங்காதப்பா. அதனால்தான் என்று என்னால் சொல்ல முடியாது” என்றாள். அதனால் இல்லை என்றும் அவள் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

மறுநாள் உன் அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னாள். திட்டவில்லை, குரல்கூட உயரவில்லை. “படத்த எடுத்து எதிர் செவுத்துல மாட்டியிருக்கலாம்யா. ஒரு ஆணிதானே. நீ கொத்தனாராச்சே.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவள் நாலு அறை விட்டிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

எனக்கு ஏன் தம்பி தங்கச்சி இல்லை என்று நீ கேட்டு அழுதபோதெல்லாம் சாமி கொடுக்கவில்லை என்று சொன்னேன். அதுவும் பொய். இன்னொரு முறை அந்தப் பயத்தைத் தாங்க எங்கள் இருவருக்கும் தெம்பில்லை. கர்ப்பப்பை இறங்காமல் தாங்க உள்ளே ரப்பர் வளையம் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டினாள், நீ எட்டாவது படிக்கும்போது ஆபரேஷன் செய்தார்கள். அந்த இருபது நாள்தான் உன்னை அத்தை வீட்டில் விட்டிருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் நம் வீட்டில் குடம் தூக்குவது நான்தான். தெருவில் எனக்குத் தண்ணிக் கொத்தனார் என்று பெயர். நீயே மீசை முளைக்கிற வயசில் ஒரு நாள், “இன்னா நைனா, பொம்பளைங்க லைன்ல நின்னுகினு கீற? பசங்க கலாய்க்கிறானுங்க” என்றாய். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். சொல்லியிருந்தால் இன்றைக்கு உன் பெண்டாட்டி மாடிப்படியில் குடத்தோடு நின்றிருக்கமாட்டாள். என் தப்பில் இது இரண்டாவது.

இப்போது கேள். தண்ணீரை நீ தூக்கு. பாபுவை அவள் இடுப்பில் வைக்க விடாதே, அவனை எங்களிடம் கொண்டுவந்து விடு, உன் அம்மா பார்த்துக்கொள்வாள். இருமல் வந்தால் உடனே மருந்து வாங்கு, மலச்சிக்கல் வராமல் கீரையும் பழமும் கொடு, முக்குவது அதற்கு ஆகாது. துணியை இறுக்கிக் கட்டுவது, யாரோ மருத்துவச்சி வந்து கையால் தள்ளுவது இதெல்லாம் வேண்டாம். நீர் பிரியவில்லை என்றாலோ, ஜுரமோ இரத்தமோ கண்டாலோ ஷிப்ட் முடியட்டும் என்று பார்க்காதே, அந்த நிமிஷமே கிளம்பு. திங்கட்கிழமை அவளை டாக்டரிடம் அழைத்துப்போ. இப்போது வசதி கூடியிருக்கிறது, வளையம் வைத்துவிடுவார்கள், நல்லபடியாகப் பெற்றவர்கள் எத்தனையோ பேர் என்று உன் அம்மா விசாரித்து வைத்திருக்கிறாள். எனக்கும் அதில் நம்பிக்கை இருக்கிறது. பயமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். கர்ப்பப்பை மேலேற இன்னும் ஐந்தாறு வாரம். ஒவ்வொரு நாளையும் நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். கதவைத் திறந்து ஆயா அவள் பெயரை மட்டும்தான் கூப்பிடுவாள். நீயும் எழுந்து உள்ளே போ. முறைத்தால் முறைக்கட்டும். என்ன, ஏன், எதற்கு என்று எல்லாவற்றையும் கேள். அவள் உன்னைத் திரும்பிப் பார்க்கும்போது நீ மரத்தடியில் இருக்கக் கூடாது.

இதுவரை கொரட்டூரில் உட்கார்ந்து எழுதியது. மீதியை உன் வீட்டில் எழுதுகிறேன். நீ காலை ஷிப்டுக்குப் போயிருக்கிறாய். நான் கோணிப்பையில் நான்கு செங்கல் போட்டு ரயிலில் கொண்டுவந்தேன், பக்கத்தில் உட்கார்ந்தவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். செங்கலோடு நான் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனதும் அமுதாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய், “மாமா, அவர்கிட்ட சொல்லிட்டீங்களா? இவ ஒண்ணுத்துக்கும் ஆவமாட்டாள்னு என்னை அம்மா ஊட்டுக்கு அனுப்பிட்டார்னா?” என்று கேட்டாள். இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பெண் ஒன்றரை வருஷமாக உன்னோடு குடித்தனம் செய்திருக்கிறாள், சேகர். என் மகன் அப்படிச் செய்யமாட்டான் என்று அவளுக்கு நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தது. காப்பாற்று.

செங்கலைக் கால்மாட்டில் வைத்தேன். ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். அவள் இப்போது படுத்திருக்கிறாள், பாபு பக்கத்தில் தூங்குகிறான். அவள் காலுக்கு நேரே உங்கள் வீட்டுச் சாமி படம் இருந்தது. அதைக் கழற்றித் துடைத்து, தலைமாட்டுச் சுவரில் மாட்டினேன். ஒரு ஆணி, இரண்டு அடி. அவ்வளவுதான் ஆயிற்று.

நைனா